உங்கள் சுவரும் உங்கள் இடிபாடும்: மதுரையில் வீடு, மனை வைத்திருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மாசி வீதிக்கு உள்ளடங்கிய சந்து ஒன்றில் தாத்தா கட்டிய வீட்டை இடித்தபோது, அடுப்படிச் சுவரில் அப்பத்தா கரியால் கோடு கோடாகப் போட்டிருந்த பால் கணக்கு நீலச் சுண்ணாம்பின் மேல் அப்படியே இருந்தது. இடிபாட்டை அள்ளிப் போகும் வேலையை, இடிக்க வந்தவரிடமே விட்டோம். எங்கே கொண்டு போகிறார் என்று நான் கேட்கவில்லை. பத்து நாள் கழித்து கிருதுமால் கரை வழியாகப் போனபோது, வாய்க்காலுக்குள் பாதி சரிந்து கிடந்த குவியலில் நீலமாக ஒரு துண்டு தெரிந்தது. குனிந்து புரட்டினேன். அப்பத்தாவின் கரிக்கோடுகள்.

ஒரு டிராக்டரும் இரண்டு ஆட்களும் வைத்து மறுநாளே அள்ளினேன். எங்களுடையது இரண்டு லோடு இருக்கும். அள்ளியது ஐந்து லோடு. மற்ற மூன்றும் யார் வீட்டுச் சுவரோ. அதற்குப் பிறகுதான் இந்த விதிகளைத் தேடிப் படித்தேன். மாநகராட்சியின் மண்டல அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் நடந்து தெரிந்துகொண்டதும் இதில் சேரும்.

சுவரொட்டியையும் கட்டட இடிபாட்டையும் ஒரே கட்டுரையில் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டையும் செய்பவர் வேறொருவர். கேள்வி வரும்போது முதலில் நிற்பவர் உரிமையாளர். இரண்டிலும் கையில் எழுத்து இருந்தால் பிரச்சினை சீக்கிரம் முடியும். வாய்ப்பேச்சு மட்டும் இருந்தால் இழுக்கும்.

எந்தச் சட்டம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

மதுரைக்கு 1971 முதல் தனி மாநகராட்சிச் சட்டம் இருந்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 நடைமுறைக்கு வந்தது. அதனுடன் 2023ஆம் ஆண்டு விதிகளும் வந்தன. ஆகவே பழைய மனுவைப் பார்த்து நகல் எடுத்து, 1971 சட்டத்தின் பிரிவு எண்களைப் போட்டு எழுதாதீர்கள். பிரிவு எண் தெரியாவிட்டால் நடந்ததைத் தெளிவாக எழுதினாலே போதும்.

சுவருக்கு உரியது தமிழ்நாடு திறந்தவெளி இடங்கள் (உருக்குலைத்தலைத் தடுத்தல்) சட்டம், 1959. பொது இடத்தில் நிற்பவர் அல்லது நடந்து போகிறவர் கண்ணில் படும் தனியார் கட்டடம், சுவர், வேலி, மரம் எல்லாமே இதற்குள் வரும். உரிமையாளரின் அல்லது குடியிருப்பவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அங்கே விளம்பரம் ஒட்டுவதும் எழுதுவதும் குற்றம். ‘எழுத்துமூலம்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘அன்றைக்குக் கேட்டோம், தலையாட்டினார்’ என்பது சம்மதம் ஆகாது. வாடகைக்குக் கடை எடுத்திருப்பவர் உங்களைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட முடியும் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. எனவே வாடகை ஒப்பந்தத்தில் ‘வெளிச்சுவரில் எவருக்கும் விளம்பரம் செய்ய அனுமதி அளிக்கக் கூடாது’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இடிபாட்டுக்கு முதலில் வந்தவை கட்டுமானம் மற்றும் இடிப்புக் கழிவு மேலாண்மை விதிகள், 2016. இவற்றின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி 2025இல் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டன. அவை 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்புள்ள திட்டங்களின் தலையில் கூடுதல் பொறுப்பை வைக்கின்றன. சாதாரண வீட்டுக்காரரின் கடமை அப்படியே இருக்கிறது: தரம் பிரிக்க வேண்டும், தெருவிலோ வடிகாலிலோ கொட்டக் கூடாது, உரிய இடத்தில் சேர்க்க வேண்டும்.

சுவர்: ஒட்டுவதற்கு முன்பும் ஒட்டிய பிறகும்

காதணி விழாவிலிருந்து கண்ணீர் அஞ்சலி வரை எல்லாவற்றுக்கும் சுவரொட்டி அடிக்கும் ஊர் இது. அச்சுக்குப் பேர்போன சிவகாசியும் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தப் பழக்கத்தை ஒரு வீட்டுக்காரர் மாற்றிவிட முடியாது. தன் சுவரைக் காத்துக்கொள்ள முடியும்.

முதல் படி, ‘இங்கு விளம்பரம் செய்யாதீர்’ என்று எழுதுவது. எதற்கு வெட்டியாக என்று தோன்றும். இதுதான் சம்மதம் இல்லை என்பதற்கான உங்கள் முதல் ஆதாரம். கண் மட்டத்தில், சுவரின் இரண்டு முனையிலும், எழுத்து தெரியும் அளவில் எழுதி, அன்றைய நாளிதழை ஒருவர் பக்கத்தில் பிடித்திருக்கும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள்.

தேர்தல் வருவதற்கு வெகுமுன்பே நடக்கும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் உங்கள் சுவர் பளிச்சென்று வெள்ளை அடிக்கப்பட்டிருக்கும். ஓரத்தில் கட்சிப் பெயரும் ஓர் ஆண்டும் சிறிதாக எழுதியிருக்கும். சுவர் பிடித்தாகிவிட்டது என்று அர்த்தம். அந்த வாரமே பேசிவிட வேண்டும். வட்டச் செயலாளரை நேரில் பார்த்து, சுவரை விடும்படி மரியாதையாகச் சொல்லுங்கள். ‘அண்ணே, உங்கள் சுவருக்கு இலவசமாக வெள்ளை அடித்துத் தருகிறோம்’ என்பார்கள். இதற்கு மசியாதீர்கள். ஒரு கட்சிக்கு விட்ட சுவரை அடுத்த கட்சிக்கு மறுக்க முடியாமல் போகும். தெருவில் நீங்கள் ஒரு பக்கத்து ஆளாகவும் ஆகிவிடுவீர்கள். பேசி வந்த பிறகு, பேசியதையே இரண்டு வரியில் எழுதிக் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்க முடிந்தால் மிக நல்லது.

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் வேலை எளிது. தனியார் இடத்தில் அனுமதியின்றி இருக்கும் அரசியல் விளம்பரங்களை அறிவிப்பிலிருந்து 72 மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. பொதுச் சொத்தில் 48 மணி நேரம், அரசு அலுவலகச் சுவரில் 24 மணி நேரம். விதிமீறலைப் புகார் செய்ய ஆணையம் வைத்திருக்கும் சி-விஜில் செயலியில் படம் எடுத்து அனுப்பினால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். தேர்தல் சுவரொட்டியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் 127ஏ பிரிவு சொல்கிறது. கிழிப்பதற்கு முன் சுவரொட்டியின் அடிவிளிம்பைக் கிட்டத்தில் படம் எடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மற்ற நாள்களில் படி இதுதான்: முழுச் சுவரும் தெரியும் ஒரு படம், சுவரொட்டி மட்டும் ஒரு படம், அடிவிளிம்பு ஒரு படம். பிறகு வீட்டின் வரிவிதிப்பு எண், வார்டு எண், சம்மதம் கொடுக்கவில்லை என்ற ஒரு வாக்கியம் ஆகியவற்றுடன் மண்டல அலுவலகத்தில் மனு. வார்டு நூறு, மண்டலம் ஐந்து. வரி ரசீதிலேயே உங்கள் வார்டு இருக்கும். திரும்பத் திரும்ப ஒரே நிறுவனம் ஒட்டினால் காவல் நிலையத்தில் 1959 சட்டத்தின் பெயரைச் சொல்லிப் புகார் கொடுங்கள். சுவரில் கறையாகும்படி பெயிண்ட் அடித்துச் சேதப்படுத்தியிருந்தால் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 324ஆம் பிரிவும் பொருந்தும். நள்ளிரவில் பசை வாளியோடு வரும் பையன்களிடம் சண்டை போடாதீர்கள். அவர்கள் கூலிக்கு வருகிறவர்கள். ஒட்டச் சொன்னவரைத்தான் தேட வேண்டும்.

கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சட்டப்படி அதையும் அன்றே எடுக்கலாம். நான் எடுப்பதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை விட்டுவிட்டு, பிறகு நனைத்து, கிழியாமல் உரித்து எடுக்கிறேன். இறந்தவர் முகம் பாதி கிழிந்து தொங்குவதை அவர் பிள்ளைகள் அந்த வழியாகப் போகும்போது பார்க்கக் கூடாது.

இனி உரிக்கும் முறை. சுவரொட்டிப் பசை மைதா மாவில் காய்ச்சுவது. பூஞ்சையும் பூச்சியும் வராமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அதனால் கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். வெந்நீரைத் தெளித்து கால் மணி நேரம் ஊற விடுங்கள். மறுபடி தெளித்து, பெயிண்டர் வைத்திருக்கும் பட்டித் தகட்டை மேலிருந்து கீழாகப் படுக்கையாகத் தள்ளினால் பட்டை பட்டையாக வரும். காய்ந்த நிலையில் சுரண்டினால் பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும். கடைசியாகச் சுவரில் வழவழப்பு போகும்வரை கழுவுங்கள். மாவு மிஞ்சினால் கரும்பூஞ்சை பிடிக்கும். உரித்த காகிதத்தைக் கூட்டி அள்ளிக் குப்பை வண்டியில் போடுங்கள், சாக்கடைக்குள் தள்ளாதீர்கள்.

சுண்ணாம்பின் மேல் எழுதிய விளம்பரம் என்றால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்துவிட்டு, கழுவிக் காயவைத்து, சிமெண்ட் பிரைமர் அடித்து, அதன் மேல்தான் பெயிண்ட். உதிர்க்காமல் சுண்ணாம்பின் மேலேயே எமல்ஷன் அடித்தால் முதல் மழையில் தோல் போல உரிந்து வரும். அடுத்த முறை ஒட்டாமலிருக்க, வெளிச்சுவரைச் சொரசொரப்பாகப் பூசச் சொல்லுங்கள். பசை அதில் சரியாகப் பிடிக்காது. கொடி படர விடுவதும் உதவும்.

மொட்டை மாடியில் விளம்பரப் பலகை வைக்க வாடகை தருவதாக யாராவது வந்தால், மாநகராட்சி உரிமத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒப்பந்தம் போடாதீர்கள். 2023 ஜூனில் கருமத்தம்பட்டியில் பலகை சரிந்து தொழிலாளர்கள் இறந்த பிறகு, உரிமம் இல்லாத பலகைக்கு மூன்று ஆண்டு சிறை அல்லது 25,000 ரூபாய் அபராதம் என்று அரசு எச்சரித்தது. அந்த எச்சரிக்கை இடத்தின் உரிமையாளரையும் சேர்த்தே சொன்னது.

இடிபாடு: கடப்பாரை எடுப்பதற்கு முன்

இடிபாட்டைக் கொத்தனார்கள் ‘ராபிஸ்’ என்பார்கள். எவ்வளவு வரும் என்பதை நம்மில் பலர் குறைத்தே மதிப்பிடுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தடிக்குப் பத்தடி, ஒன்பது அங்குலச் சுவர் ஒன்று 75 கன அடி. எடை ஏறக்குறைய நான்கு டன். இடித்தால் உதிரியாகிப் பெருத்து 110 கன அடி ஆகும். நம் ஊர்க் கணக்கில் 100 கன அடி ஒரு யூனிட். பழைய மதுரை வீடுகளில் ஒன்றரை அடிச் சுவர் இருக்கும். அதே நீள உயரத்துக்கு எட்டு டன். மூன்று சுவர் இடித்தால் 24 டன்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், ஒரே நாளில் 20 டன்னோ, ஒரு மாதத்தில் ஒரு வேலைக்கு 300 டன்னோ கழிவு வருபவரை 2016 விதிகள் பெரிய கழிவு உற்பத்தியாளராக வைத்தன. கான்கிரீட், மண், இரும்பு–மரம்–பிளாஸ்டிக், செங்கல்–காரை என்று அவர் நான்காகப் பிரிக்க வேண்டும் என்றன. வேலை தொடங்கும் முன்பே கழிவுத் திட்டம் கொடுத்து மாநகராட்சியின் ஒப்புதல் பெற வேண்டும் என்றும் சொன்னன. பெரிய பெரிய கட்டடக்காரர்களுக்கு வகுத்தது என்று நினைத்த விதிக்குள், ஜேசிபி வைத்து ஒரே நாளில் பழைய வீட்டைத் தள்ளும் குடும்பமும் வந்துவிடும்படி இருந்தது. நான் கற்றுக்கொண்டவற்றில் என்னை மிகவும் திடுக்கிட வைத்தது இதுதான்.

அதற்காகவே ஆள் வைத்து மெதுவாகப் பிரிக்கச் சொல்கிறேன். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரில் செங்கல் முழுசாகக் கழன்று வரும். சிமெண்ட் காரையில் உடைந்துதான் வரும். முழுச் செங்கல், நாட்டு ஓடு, தேக்கு உத்திரம், கதவு நிலை, ஜன்னல் கம்பி எல்லாவற்றுக்கும் பழைய சாமான் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். கழியக் கழிய, கொட்ட வேண்டிய அளவு குறையும். ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் உடைக்காமல், நனைத்து, முழுசாக இறக்கச் சொல்லுங்கள். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. தூசியை முதலில் சுவாசிப்பவர் சித்தாள்தான்.

மண்டல அலுவலகத்தில் சுகாதாரப் பிரிவை வேலைக்கு முன்பே பாருங்கள். இடிபாட்டைச் சேர்க்க மாநகராட்சி குறித்திருக்கும் இடம் எது, கட்டணம் என்ன என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது ஒப்பந்தம். பத்திரம் எல்லாம் வேண்டாம். இருபுறமும் கையெழுத்திட்ட ஒரு தாள் போதும். நான் இப்போது எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கும் வாசகம் இது:

‘மேற்படி வீட்டின் இடிபாடு முழுவதையும் தரம் பிரித்து, மாநகராட்சி குறித்த இடத்திலோ உரிமையாளர் எழுத்தில் ஒப்புக்கொண்ட பட்டா நிலத்திலோ மட்டும் கொட்டுவேன். ஒவ்வொரு லோடுக்கும் வண்டி எண், தேதி, கொட்டிய இடத்தின் படம் தருவேன். கடைசித் தவணையான கால் பங்கு கூலி, எல்லாச் சீட்டும் ஒப்படைத்த பிறகே பெற்றுக்கொள்வேன்.’

கடைசி வரி இல்லாமல் மற்ற இரண்டும் நடக்காது.

யாராவது ‘என் மனை பள்ளமாக இருக்கிறது, எனக்குக் கொட்டுங்கள்’ என்றால் நல்லதுதான். ஆனால் சர்வே எண் கேளுங்கள். நில ஆவணங்களுக்கான தமிழ்நாடு அரசு இணையதளத்தில் அ-பதிவேட்டைத் திறந்து, அந்த எண் பட்டா நிலமா, வாய்க்கால் அல்லது கண்மாய்ப் புறம்போக்கா என்று பாருங்கள். பள்ளம் என்று நாம் நினைக்கும் இடம் பல வேளைகளில் தண்ணீரின் வழி. 2024 அக்டோபர் மழையில் பந்தல்குடி வாய்க்கால் பெருகி செல்லூர்ப் பக்கத்துத் தெருக்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை இந்த ஊர் பார்த்தது. அதற்குக் காரணங்கள் பல. ஆனால் வாய்க்காலில் கிடக்கும் ஒவ்வொரு செங்கல் துண்டும் ஏதோ ஒரு வீட்டிலிருந்து வந்ததுதான்.

வேலை நடக்கும் நாள்களில்

தெருப்பக்கம் பச்சை வலை கட்டுங்கள். இடிக்கும் இடத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். குவியல் உங்கள் எல்லைக்குள் இருக்க வேண்டும். சந்து வீடுகளில் அதற்கு இடமில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் அன்றன்று இடித்ததை அன்றன்றே அள்ளுங்கள். டிராக்டர் நுழையாத சந்துக்குக் குட்டியானை வண்டி நுழையும். லோடு எண்ணிக்கை கூடும், செலவும் கொஞ்சம் கூடும். பொது வழியை மறித்துக் கொட்டினால் நியாய சன்ஹிதாவின் 285ஆம் பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. மாநகராட்சி விதிக்கும் அபராதம் இதற்கு அப்பால்.

வாசல் சாக்கடையின் மேல் பலகையோ தகரமோ போட்டு மூடிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். காரைத் தூள் உள்ளே விழுந்து தண்ணீரோடு இறுகிவிட்டால், அதை உடைத்து எடுக்க வருகிறவர் ஒரு தூய்மைப் பணியாளர். அதேபோல இடிபாட்டை வீட்டுக் குப்பையோடு கலந்து அவர்கள் வண்டியில் போடாதீர்கள். மூட்டைக்குள் இருக்கும் கண்ணாடிச் சில்லும் ஆணியும் அவர்கள் கையைத்தான் கிழிக்கும்.

மாசி வீதிகளிலும் அவற்றை ஒட்டிய சந்துகளிலும் வீடு உள்ளவர்கள் நாள்காட்டியைப் பார்த்து வேலை வையுங்கள். சித்திரைத் தேர் மாசி வீதிகளில்தான் வரும். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஜல்லிக் குவியல் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பங்குனிக்குள் முடியவில்லை என்றால் திருவிழா கழித்துத் தொடங்குவது நல்லது.

காலிமனை

வெளியூரில் இருந்துகொண்டு இங்கே மனை வாங்கிப் போட்டிருப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். வேலி இல்லாத மனையில் முதல் லோடு விழுந்தால் ஒரே மாதத்தில் தெருவே கொட்டும். எல்லைக்கல் ஊன்றி முள்கம்பியாவது கட்டுங்கள். உரிமையாளர் பெயர் வேண்டாம், ‘தனியார் இடம், கழிவு கொட்டக் கூடாது’ என்ற பலகை போதும். ஆண்டுக்கு இருமுறை, ஆடிக்கு முன்னும் ஐப்பசி மழைக்கு முன்னும், சீமைக் கருவேலத்தை வெட்டித் தண்ணீர் தேங்கும் குழியை மேவுங்கள். கொசு உற்பத்தியாகும் இடத்தின் மேல் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், 1939இன் கீழ் நோட்டீஸ் வரும். காலிமனை வரி ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். யாரோ கொட்டியதற்கு நீங்கள் புகார் கொடுக்கப் போகும்போது, இடம் உங்களுடையது என்று காட்ட அதுவே சுலபமான சான்று.

நோட்டீஸ் வந்துவிட்டால்

வாங்க மறுக்காதீர்கள். வாங்கினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதி, கெடு எத்தனை நாள் என்று பாருங்கள். இடத்தை அன்றே படம் எடுங்கள். கழிவு உங்களுடையது என்றால் அகற்றிவிட்டு, அகற்றிய படத்தையும் வண்டிச் சீட்டையும் இணைத்துப் பதில் கொடுங்கள். உங்களுடையது இல்லை என்றால் அதற்கான காரணத்தை எழுதி, சுத்தம் செய்ய அவகாசமும் கேளுங்கள். பதிலை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். அஞ்சலில் என்றால் பட்டுவாடாச் சான்றுடன் விரைவு அஞ்சல். பேசாமல் இருந்தால், வேலையை மாநகராட்சியே செய்துவிட்டுச் செலவை உங்களிடம் வசூலிக்க முடியும். அந்தச் செலவு நீங்களே ஆள் வைப்பதைவிட நிச்சயம் அதிகமாக இருக்கும்.

பக்கத்து வீட்டு இடிபாடு உங்களை வதைக்கிறது என்றால், முதலில் அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். பிறகு மண்டல அலுவலக மனு. அதற்குப் பதில் இல்லை என்றால் முதல்வர் உதவி மையத்தின் 1100, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள். தொல்லை தொடர்ந்தால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுப் போடலாம். தொல்லையை அகற்றும்படி உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. மனு எந்த மேசையில் நிற்கிறது என்று தெரியாவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ‘என் மனு எண் இன்னது, இன்ன தேதியில் கொடுத்தது, அதன் மேல் எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பின் நகல் தருக’ என்ற அளவில் கேள்வியைக் குறுக்கி எழுதினால் பதிலும் சுற்றி வளைக்காமல் வரும்.